வெறும் வயிற்றில் வந்த சாமி

மாதையனுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. புளி உலுக்கப் போனபோது முள் குத்தியது அவனுக்கு உறைக்கவில்லை. புழு வைத்த பிறகு அவன் மனைவி சின்னக்குழந்தைதான் பார்த்தாள். அதிலிருந்து கல்யாணப் பந்தியில் அவன் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். “சக்கரக்காரன் வர்றான், பாயசத்த மூடுங்கடா” என்பார்கள். அவனும் சிரிப்பான்.

சர்க்கரைக்கு ஆறு வருடம் மாத்திரை. அப்புறம் அது கேட்கவில்லை. மலையிலிருந்து ஆலங்காயம் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த டாக்டர் இன்சுலின் எழுதினார். கூடவே ஒரு சீட்டு: ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், வேர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் உடனே வெல்லமோ சர்க்கரையோ தர வேண்டும். அதைப் படித்துச் சொன்னவன், ஊரில் எழுத்துத் தெரிந்த நான். “சக்கர வியாதிக்கு சக்கரயா?” என்று மாதையன் இரண்டு முறை கேட்டான். சின்னக்குழந்தை மருந்துப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்தாள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தாள். முந்தானையில் வெல்லக்கட்டி முடிந்துகொண்டாள்.

எண்பத்திரண்டாம் வருஷத்து ஆடித் திருவிழா. அம்மனுக்குப் படைக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. எட்டு மணிக்குக் கூழ் ஊற்றிவிடுவார்கள் என்று ஏழரைக்கே ஊசி போட்டாள். முதல் கடா யாருடையது என்று சண்டை வந்து, பத்தரை ஆகிவிட்டது. கூட்டத்தின் நடுவில் மாதையன் நடுங்கினான். வேர்வை கொட்டியது. கண் நிலைகுத்தியது.

“சாமி வந்துட்ச்சி” என்றார் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி.

பம்பை வேகமெடுத்தது. பந்தியில் தள்ளி உட்கார்ந்தவர்கள் அந்தக் காலிலேயே விழுந்தார்கள். “மழ எப்ப வரும் தாயே?”

“வெல்லம்” என்று குழறினான்.

“ஆத்தா வெல்லம் கேக்குது. பொங்கப் பானையில போடுங்கடா.”

சின்னக்குழந்தை முட்டி மோதி உள்ளே புகுந்து அவன் வாயில் வெல்லத்தைத் திணித்தாள். கால் மணியில் எழுந்து உட்கார்ந்து, கூழ் எங்கே என்றான்.

“சாமிய மலையேத்திட்டியேடி பாவி” என்று கத்தினார் தீர்த்தகிரி.

“சாமி இல்ல மாமா, ஊசி. சீட்டுல எழுதிக்கீது.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பம்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை பொய்த்தது. பழி அவள்மேல் விழுந்தது. மாதையனுக்கு மட்டும் பந்தியில் முதல் இலை. “வாங்க சாமி” என்றார்கள்.

அடுத்த ஆடியில் அவனே சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தான்.

“கூழ் வரட்டும்” என்றாள்.

“இப்பவே போடு. முந்தானையில இருக்கறத அவுத்து வூட்டுலயே வை.”

“செத்துப் பூடுவ.”

“வெரலு போனப்ப ஒருத்தன் எட்டிப் பாத்தானா? இப்ப கால்ல வுழறானுங்கடி.”

அவள் போடவில்லை. சிரிஞ்சு நிறைய இழுத்துத் தொடையில் தானே குத்திக்கொண்டான்.

இந்த முறை அவன் வெல்லம் கேட்கவில்லை. சுருண்டு விழுந்தான், கைகால் வெட்டி இழுத்தது. சின்னக்குழந்தையை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். “பொறுடி, இன்னும் வாக்கு வர்ல” என்றார் தீர்த்தகிரி. அவன் முனகலையெல்லாம் வாக்காக எடுத்துக்கொண்டு கேள்விகள் முடிய உச்சிப்பொழுதாகிவிட்டது. பம்பை ஓய்ந்த பிறகு அவளை விட்டார்கள். தலையை மடியில் கிடத்தி, வெல்லத்தைக் கடித்து உடைத்து அவன் கடைவாயில் வைத்தாள்.

வெல்லம் கரையவில்லை.

“மழையப் பத்தி கடைசியா இன்னா சொல்லிச்சி?” என்று தீர்த்தகிரி பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.