பத்துக்கு ரெண்டு என்று சொன்ன வலி

மூன்று வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலை. காரமடையில் நண்பர்களோடு வழக்கமாக ஷட்டில் ஆடும் உள்ளரங்கில், நாற்பத்தெட்டு வயதையும் ஆபீஸ் நாற்காலி தந்த தொப்பையையும் தூக்கிக்கொண்டு, வலையோரம் விழுந்த இறகுப்பந்தை எடுக்கப் பாய்ந்தேன். குதிகாலுக்கு மேலே, பின்னாலிருந்து யாரோ ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. விழுந்தபடியே என் ஜோடி ஆட்டக்காரரிடம், "ஏனுங்க, பேட்டுல அடிச்சுப்போட்டீங்களே" என்றேன். அவர் கோர்ட்டின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கிருந்து எட்டுமுங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

யாரும் அடிக்கவில்லை. குதிகாலுக்கு மேலிருக்கும் தடித்த தசைநார் தானாகவே அறுந்திருந்தது. கோவையில் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மறுபடி அறுந்தால் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று சொல்லி, டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே பயிற்சி கொடுத்தவர், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். "வலி பத்துக்கு எவ்வளவுங்ணா?" என்று கேட்பார். நாம் சொல்லும் எண்ணை வைத்துத்தான் அடுத்த பயிற்சியைக் கூட்டுவதும் குறைப்பதும்.

எனக்கு உண்மையில் ஏழு. சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் குறை சொல்வதா? எங்கள் பக்கத்தில் விருந்துச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று சொல்லித்தான் பழக்கம். "ரெண்டுங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர். தோட்டத்துக்குள் வந்த யானையிடமிருந்து தப்பி ஓடி, வாய்க்காலில் விழுந்து முட்டி உடைந்தவர். "எனக்கும் அதேதானுங்க அம்மணி" என்றார். யானை துரத்தியவருக்கே ரெண்டு என்றால், இறகுப்பந்தைத் துரத்தியவன் அதற்கு மேல் கேட்பது நியாயமா? மறுநாள் ஒன்றுக்கு இறங்கினேன். அவரும் இறங்கினார்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். பயிற்சியை ஏற்றிக்கொண்டே போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தேன். வாரக் கடைசியில் குதிகால் வீங்கிச் சிவந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர், எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தார்.

"யாரம்மா இவ்வளவு சீக்கிரம் எடை ஏத்தச் சொன்னது? இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அறுந்திருக்கும்."



"அவங்க மேல தப்பில்லீங்க. வலி ஏழு இருந்துச்சுங்க. நாந்தான் கொறச்சுச் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

 பக்கத்துக் கட்டிலிலிருந்து மெல்ல ஒரு குரல். "எனக்கு எட்டுங்க. ஆபீசுல உக்காந்திருக்கறவரே ரெண்டுங்கறப்ப, காடு தோட்டத்துல வேலை செய்யறவன் எட்டுன்னா நல்லாருக்குங்களா?"

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் டாக்டர் வெளியே போனார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"மரியாதை காட்டறதா நெனச்சுட்டீங்க. திட்டு எனக்கு உளுந்துச்சு. காலு உங்களுக்குப் போயிருக்கும். உள்ளுக்குள்ள வலிக்கறது நீங்க சொன்னாத்தானுங்ணா எனக்குத் தெரியும்?"

துண்டை வைத்துப் பாதத்தை இழுக்கும் முதல் பயிற்சியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். "ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எட்டில் உறுதியாக நின்றது எனக்குத் தைரியம் தந்தது. எண்கள் இந்த முறை மெதுவாக, நிஜமாகவே இறங்கின. ஒரு வருஷம் கழித்து அதே கோர்ட்டில் கால் வைத்தேன். என் ஆட்டம் முன்னேறவில்லை. கெட்டுப்போகவும் அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

நம்மைத் தேற்றுவதற்காக நம் வார்த்தையை நம்பி நிற்கிற ஒருவரிடம் வலியைக் குறைத்துச் சொல்வது அடக்கமல்ல, அவர் கண்ணைக் கட்டிவிடுவது என்று புரிந்துகொள்ள, எனக்கு ஒரு காலே செலவாகப் பார்த்தது.