பாலத்திலிருந்து இறக்கிய வாத்து

புது வீட்டுக்கு வந்து சில கிழமைகளாகியும் பிரிக்காமல் கிடந்த பெட்டி ஒன்றிலிருந்து நேற்று ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து வெளியே வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதற்காகக் கடையில் விற்கிற வாத்து. வயிற்றில் சின்ன வெப்பமானி, முகத்தில் மாறாத சிரிப்பு. கழுத்தில் தூண்டில் நரம்பைக் கட்டிய முடிச்சு இன்னும் அவிழவில்லை. எனக்குக் குழந்தை இல்லை. அக்கா தன் மகளுக்காக வாங்கிய இந்த வாத்து, அவள் வளர்ந்ததும் அத்தானின் கைக்குப் போனது. ஜெர்மனியில் இத்தனை பாலங்களின் அடியைப் பார்த்த வாத்து வேறொன்று இருக்காது என்று நான் துணிந்து சொல்வேன். கொலோனை விட்டு மியூனிக்குக்குத் தெற்கே, மலையடிவாரத்துக்கு நான் வேலை மாறி வரும்போது, கேட்காமலே அதைப் பெட்டிக்குள் வைத்தவள் அக்கா. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடுகிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அத்தான் கிளிநொச்சிக்காரர், குளக்கரையில் வளர்ந்தவர். அக்காவும் நானும் பருத்தித்துறை. எங்கள் வீட்டில் கடலிலிருந்து வராத எதையும் மீன் என்று கணக்கில் எடுப்பதில்லை. குளத்து மீன் மண் மணக்கும் என்பது தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. கலியாணம் பேசியபோதே எங்கள் பெரியம்மா ஒருவர், பொடியன் நல்லவன்தான், ஆனால் விரால் தின்கிற சனம் என்று குறை சொன்னாராம். அத்தான் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. கடற்கரைச் சனத்துக்கு உப்பு இல்லாமல் ருசி தெரியாது என்று திருப்பிச் சொல்வார். அவருக்கும் அக்காவுக்கும் இடையில் அது பல வருடத்துப் பகிடியாக இருந்தது.

பகிடி வினையானது அத்தானின் தொழிற்சாலை மூடப்பட்டபோது. அவர் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். அடுத்த வேலை கொலோனில் கிடைக்கவில்லை. கிழக்கே, சீக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. அக்கா போக மறுத்தாள். கொலோனில் அவளுக்குத் தமிழ்க்கடை இருந்தது, சனிக்கிழமை படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது, கதவைத் தட்டினால் தேத்தண்ணி தருகிற நாலு வீடு இருந்தது. அத்தான் அங்கே ஓர் அறை எடுத்துக்கொண்டு வார இறுதிகளில் வந்து போனார். ஞாயிறு பின்னேரம் அவர் பையைத் தூக்கும்போது வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அக்காவின் மகள், என் பெறாமகள், அடுத்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள். இந்தக் குடும்பம் இரண்டு ஊராகவே நின்றுவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அக்கா பொறுமை இழந்தாள்.

"உந்தக் காட்டுக்குள்ளை வந்து நான் என்னத்தைச் சாப்பிடுறது? நல்ல மீன் கிடைக்கிற இடமெண்டால் சொல்லுங்கோ, வாறன்."

வேறு எந்தப் புருஷனும் இதை 'வரமாட்டேன்' என்றுதான் விளங்கிக்கொண்டிருப்பான். அத்தான் இதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார்.

இந்த நாட்டில் நினைத்தவுடன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போக ஏலாது. அதற்கு வகுப்பு, பரீட்சை, பிறகு ஒவ்வொரு ஆற்றுக்கும் தனி அனுமதிச்சீட்டு. நான் அப்போது ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். துணைக்கு வா என்றார், போனேன். போனதற்கு நானும் எழுதினேன். மீனின் செட்டை எத்தனை வகை, பிடித்த மீனைத் துடிக்க விடாமல் எப்படி அடிப்பது என்றெல்லாம் கேட்டார்கள். இருவரும் சித்தியடைந்தோம். மீன் பிடிக்கச் சோதினை எழுதினேன் என்று எங்கள் இரணைமடுக் குளத்தடியில் சொன்னால் கல்லால் எறிவார்கள் என்று அத்தான் பெருமையோடு சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஆறு சோதினைத்தாள் அல்ல. அவர் குளத்துக்காரரின் கண்ணோடு அகலமான, ஆழமான, அசையாத தண்ணீரைத் தேடித் தேடித் தூண்டில் போட்டார். அவர் நாடியது ட்ரவுட் மீனை. இங்கே ஃபொரெல்ல என்பார்கள். அதுவோ ஓடுகிற, குளிர்ந்த தண்ணீரின் பிள்ளை. கோடை முழுவதும் எங்களுக்கு வாய்த்தது விரல் நீளக் குஞ்சுகளும் நுளம்புக்கடியும்தான். கரையில் சந்தித்தவர்கள் மரியாதையாக வணக்கம் சொல்வார்கள், நல்ல இடம் எது என்று கேட்டால் வானிலை பற்றிப் பேசுவார்கள். மீன் பிடிக்கிறவன் பெண்சாதியின் நகை இருக்கிற இடத்தைச் சொன்னாலும் சொல்வான், மீன் இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டான். தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் மட்டும் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னார்: குளிரைத் தேடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அத்தான் வாத்தோடு வந்தார். பெரிய ஆற்றில் வந்து விழுகிற சிற்றாறுகள் ஒவ்வொன்றாக மேலே நடப்பது, பாலம் வந்தால் வாத்தை நரம்பில் இறக்கி மிதக்கவிடுவது, இழுத்தெடுத்துச் சூட்டைப் பார்ப்பது, இதுதான் எங்கள் வேலை. பாலத்தில் போன ஒரு கிழவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த வாத்து எந்த இரைக்குக் கடிக்கும் என்று கேட்டார். அத்தான் கோபிக்கவில்லை. இது கடிக்காது, கண்டுபிடிக்கும் என்றார். உண்மையாகவே கண்டுபிடித்தது. பழைய ஆலை ஒன்றின் தடுப்புச் சுவருக்குக் கீழே, பெரிய ஆற்றோடு சேருகிற ஓர் ஓடையில், வாத்தின் சிவப்புக் கோடு சட்டென்று இறங்கியது. எங்கோ நிலத்தடி ஊற்று கலக்கிறது. அத்தான் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிக் கல்லைப் புரட்டினார்; அடியில் மணலால் கூடு கட்டிய புழுக்கள் அப்பிக் கிடந்தன. இரையும் குளிரும் இருந்தால் மீனும் இருக்கும். அந்த இடம் எங்கள் சீட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று நான் வரைபடத்தில் பார்த்தேன். இருந்தது.

முதல் ட்ரவுட் அங்கேதான் கிடைத்தது, ஒரு புரட்டாதி வெள்ளிக்கிழமை. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொலோனுக்குக் கொண்டு ஓடிவந்தார். அக்கா கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, இண்டைக்கு வெள்ளி என்றாள். அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த நாள் புரட்டாதிச் சனி; அன்றும் விரதம். இந்த நாட்டுச் சட்டத்தையெல்லாம் கரைத்துக் குடித்த மனிதருக்குத் தன் வீட்டுச் சட்டம் மறந்துபோயிற்று. மீன் குளிர்சாதனப் பெட்டியில் தவமிருந்தது. ஞாயிறு மத்தியானம் அக்கா அதைப் பொரித்தாள், ஒரு துண்டை வாயில் வைத்தாள், மெதுவாக மென்றாள். மண் மணக்கேல்லை என்றாள். அவ்வளவுதான். அத்தான் அதைக் கேட்டு இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளே சொன்னாள்.

அன்று அக்கா வீட்டுக் கத்தியையும் ஒரு பை உப்பையும் தேசிக்காயையும் கொண்டு வந்தாள். விரதம் அவளுக்குத்தான், மீனுக்கு இல்லையே. வெட்டி, உப்புப் போட்டு ஞாயிறுக்கு வைக்கலாம் என்று யோசனை. பெறாமகள் கரையில் கல் பொறுக்கினாள். ஓடை ஆற்றோடு சேருகிற இடத்தில் அத்தான் தூண்டிலை வீசினார். கோல் வளைந்த வளைவைப் பார்த்ததும் இது ட்ரவுட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுமையாக இழுத்தார். கடைசியில் அது பக்கம் சரிந்து மேலே வந்தது. அவருடைய கை நீளம், கபில நிறம், கொழுத்த உடம்பு. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"இந்த வால் ஆத்திலை வளர்ந்த வால் இல்லை. இது கடல் மீன்."

அது சால்மன். இங்கே அதை எடுக்கக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். கரையில் எங்களைத் தவிர ஒரு காக்கா குருவி இல்லை. மாதக்கணக்காக அவர் எதற்காக அலைந்தாரோ அது, அவள் கேட்டது போலவே கடல் மீனாக, அவர் கையில் கிடந்தது. அத்தான் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கவில்லை. நனைந்த கையால் தூண்டிலைக் கழற்றியபடி, குனிந்தவாறே அக்காவுக்குச் சொன்னார். இந்த ஆற்றில் இந்த மீன் ஒருகாலத்தில் அழிந்தே போய்விட்டது, வேறு நாட்டு ஆறுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை கடலுக்குப் போய் வளர்ந்து இங்கேயே வருகின்றன.

"தாய் தேப்பன்ரை ஆத்துக்குப் போகாதோ?" என்று அக்கா கேட்டாள்.

"போகாது. சின்னனிலை விட்ட ஆறுதான் அதுக்கு ஊர்."

அக்கா கரையில் நின்ற மகளைப் பார்த்தாள். கொலோன் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஊருக்குத் திரும்புதல் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டவள் அக்கா. விடுங்கோ என்றாள். அத்தான் கையை விரித்தார். மீன் சற்று நேரம் அவர் கைக்குள்ளேயே நின்று மூச்செடுத்துவிட்டு, வாலின் ஓர் அடியில் மறைந்தது. காருக்குத் திரும்பும் வழியில் அக்கா ஈரச் சேலையைப் பிழிந்தபடி அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சை பள்ளிக்கூடம் எங்கை இருக்கு?"

அவர்கள் அங்கே போய் வருடங்களாகிவிட்டன. அக்கா அந்த ஊரிலும் ஆறேழு பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழ் வகுப்பு நடத்துகிறாள்; மீன் சோதினையும் எழுதிவிட்டாள். அத்தானுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கரையில் கதிரை போட்டிருந்து, எங்கே வீச வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை இடுகிறார். அவள் கேட்பதில்லை.

இன்று காலை வாத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரப்பாலத்துக்குப் போனேன். அது அதே சிரிப்போடு இறங்கி, ஆடி, மிதந்தது. நான் இழுத்தெடுக்கும்போதே தொலைபேசி அடித்தது; வாத்து வெளியே வந்ததை நேற்றிரவே அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி எத்தினை பாகை?"

பத்து என்றேன். மறுமுனையில் அவள் அதை அத்தானுக்குச் சொல்வதும், அவர் ஏதோ சொல்வதும் கேட்டது.

"அப்ப மீன் இருக்கும். நீ பிடிச்சு வைக்கத் தேவையில்லை," என்றாள் அக்கா. "வாற சனி வாறன்."