பார்த்ததை மட்டும் சொல்லு

சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் வராந்தாவில் நிறுத்தி அவர்களுக்கு ஒரு பாடம் எடுப்பேன். வேலூர் கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீலாக நின்ற நாளிலிருந்து வந்த பழக்கம் அது. "கண்ணால பாத்தத சொல்லு. நீ செஞ்சத சொல்லு. அவரு சொன்னாரு, இவங்க சொன்னாங்கன்னு மட்டும் ஆரம்பிக்காத. ஆரம்பிச்சா எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துடுவாரு, ஜட்ஜும் எழுத மாட்டாரு." இதைக் கேள்விச் சாட்சியம் என்போம். ஒருவர் சொல்லிக் கேட்டதை இன்னொருவர் வந்து ஒப்பித்தால் கோர்ட் ஏற்காது. பார்த்தவரே வர வேண்டும், குறுக்குக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் இப்போது மாறிவிட்டன. இந்த விதி மட்டும் அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஊர் வம்பைக் கேட்டு யாரையும் ஜெயிலில் போட முடியாது.

அந்தப் பாடத்தில் எனக்குக் கர்வமே உண்டு. ஒரு அடிதடி வழக்கில் சோளிங்கர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூண்டில் ஏறி, பால்காரர் சொன்னது, பால்காரரின் மச்சான் சொன்னது, மச்சானிடம் பஸ்ஸில் யாரோ சொன்னது என்று போய்க்கொண்டே இருந்தார். ஜட்ஜ் அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தார். அதற்கப்புறம்தான் பாடத்தை இவ்வளவு சுருக்கிக் கறாராக ஆக்கினேன். ஜூனியர் வக்கீல்கள் என் குரலிலேயே அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொள்வேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்தப் பெண்ணுக்கும் அதே பாடத்தைத்தான் எடுத்தேன்.

அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலை, தைக்கிறவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை அவள்தான் படிக்கவைத்து ஆளாக்கினாள். அவன் ராணிப்பேட்டைக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் மத்தியானம் அங்கே கழிவு டேங்கில் இறங்கியவன் விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்துபோனான். அவனைத் தேடி இறங்கிய இன்னொரு தொழிலாளியை மட்டும் மூச்சோடு தூக்கினார்கள். டேனரியின் சூப்பர்வைசர் மேல் வழக்கு. அவர் போலீசில் சொன்னது இதுதான்: பையனின் செல்போன் டேங்கில் விழுந்துவிட்டது, வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் அதை எடுக்க அவனே இறங்கினான்.

முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது அக்கா கேட்டது ஒன்றுதான். "எனக்கு வேற எதுவும் வேணாம் மேடம். போனுக்கு ஆசப்பட்டு உயிர விட்டுட்டான்னு எங்க தெருவுல பேசுறாங்க. அவனா எறங்கல, எறங்க வெச்சாங்கன்னு கோர்ட்டு சொல்லணும்."

சொல்ல வைத்துவிடலாம் என்று நம்பினேன். பிழைத்த தொழிலாளி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, இனி தேறமாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்ட நேரத்தில், மாஜிஸ்திரேட் நேரில் போய் வாக்குமூலம் எழுதியிருந்தார். 'சூப்பர்வைசர்தான் அவனை இறங்கச் சொன்னார். அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. போய்ப் பார் என்று என்னையும் இறக்கினார்' என்று அதில் தெளிவாக இருந்தது. அப்புறம் அந்த மனுஷன் தேறி வீட்டுக்கும் போய்விட்டார். என் வழக்கு முழுக்க அவரை நம்பி இருந்தது. அக்காவை நான் ஒரு சம்பிரதாயச் சாட்சியாகத்தான் வைத்திருந்தேன். கம்பெனியிலிருந்து தகவல் வந்தது, போனாள், உடலை அடையாளம் காட்டினாள். போலீசும் அவளிடம் அதற்கு மேல் கேட்டிருக்கவில்லை.

அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் வராந்தாவில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் பாடத்தை முடித்துவிட்டு, பிழைத்தவரின் வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மேடம், தம்பி அன்னிக்கு மத்தியானம் போன்ல…" என்று ஆரம்பித்தாள்.

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. கையை மட்டும் காட்டினேன். "தம்பி சொன்னதுலாம் வேணாம்மா. இப்பதானே சொன்னேன்? பாத்தத மட்டும் சொல்லு."

"சரிங்க மேடம்" என்றாள், உடனே. சட்டென்று புரிந்துகொள்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். கூண்டிலும் சொன்னபடியே சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவளிடம் கேட்கக் கேள்வியே இல்லை. நல்ல சாட்சி என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவில் பிழைத்தவர் கூண்டில் ஏறினார். அவருக்கு இப்போது அதே டேனரியில் கேட் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நுரையீரல் கெட்டுப்போன ஆளுக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன் போன் உழுந்துச்சுங்க. அவனேதான் எறங்கினான். காப்பாத்தலாம்னு நானா எறங்கினேன்" என்றார். அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கேட்டேன். "மயக்கத்துல இன்னா சொன்னேனோ, ஞாபகமே இல்லீங்க." அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் கேஸ் கட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்தாள். "அவரு ஆஸ்பத்திரில சொன்னத மாஜிஸ்திரேட்டே எழுதி வெச்சிருக்காரே மேடம். அது போதாதா?"

"அவரு செத்துப் போயிருந்தா போதும்" என்றேன். எரிச்சலில் அப்படியே சொல்லிவிட்டேன். பிறகுதான் நிதானித்து விளக்கினேன். "செத்தவங்கள கூண்டுல ஏத்த முடியாது இல்லியா? அதனால ஒருத்தரு தன் சாவு எப்படி வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா, அதக் கேட்டவங்க யாரு வேணா வந்து கோர்ட்டுல சொல்லலாம். மாஜிஸ்திரேட்டு எழுதணும்னுகூட இல்ல. இவரு பொழச்சிட்டாரு. பொழச்சா அந்தப் பேப்பர மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அவரே வந்து சொல்லணும். சொல்லாம போய்ட்டாரு."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"யாரு வேணாலும் சொல்லலாமா மேடம்?"

"சொல்லலாம்."

"அப்ப தம்பி எனக்கு போன் பண்ணி சொன்னானே, அத?"

என்ன சொன்னான் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாப்பாட்டு நேரத்துல பண்ணான். 'அக்கா, சூப்பர்வைசர் டேங்க்ல எறங்க சொல்றாரு. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வராதன்றாரு. நாத்தம் தாங்கல, தலய சுத்துது'ன்னான். நான்தான்…" நிறுத்தினாள். "நான்தான் மேடம், வேல போய்டப் போவுது, ஜாக்கிரதயா எறங்கி சீக்கிரம் வந்துடுன்னு சொன்னேன்."

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அவள் வாயிலிருந்து வந்ததும் அதுதான்.

"தம்பி சொன்னதுலாம் வேணாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

விதியைச் சொல்லிக்கொடுத்த நான் விலக்கைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் அரைப் பாடத்தை வைத்துக்கொண்டு பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இறந்தவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் என் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி மூடவைத்தேன். அன்றைக்கு அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தான் அவனை இறங்கச் சொன்னதை ஊரறியச் சொல்ல வேண்டாம் என்பதில் அவளுக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான்.

அவளை மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டு மனுப் போட்டேன். ஜட்ஜ் அனுமதித்தார். இந்த முறை பாடம் எதுவும் எடுக்கவில்லை. "நடந்தத நடந்தபடி சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன். சொன்னாள். தம்பி சொன்னதைச் சொன்னாள், தான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னாள். கூண்டின் கட்டையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு போன் வந்தது உண்மைதாம்மா, ரெக்கார்டு இருக்கு. அக்காவும் தம்பியும் பேசிக்கறது வழக்கம்தான். இன்னா பேசினீங்கன்றதுதான் கேள்வி. போலீசுகிட்ட இத சொல்லல. இதே கூண்டுல போன தடவ ஏறினப்பவும் சொல்லல. அந்த சாட்சி மாறினப்புறம் வந்து சொல்றீங்க. ஏன் முன்னாடியே சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். உண்மை அவள் நுனி நாக்கில் இருந்தது. மேடம் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் கையில் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

"மறந்துட்டேங்க" என்றாள்.

"தம்பி கடைசியா பேசினத மறந்துட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் ஜட்ஜைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மறு விசாரணை இருக்கிறதா?" என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார். குறுக்குக் கேள்வியில் குழம்பிப்போனதை நானே சாட்சியிடம் கேட்டுத் தெளிவாக்கச் சட்டம் எனக்குக் கொடுத்த இடம் அது. நிஜமாகவே மறந்தீர்களா, இல்லை யாராவது சொல்ல வேண்டாம் என்றார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். வக்கீல் சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும், வழக்கு இன்னும் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நான் பயந்தது அதற்கில்லை. பின்வரிசையில் என் ஜூனியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவமானப்பட எனக்குத் தைரியம் இல்லை.

"இல்லை, யுவர் ஆனர்" என்றேன்.

சூப்பர்வைசர் விடுதலையானார். தீர்ப்பு வந்த அன்று அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்.

"போனுக்காக அவனா எறங்கினான்னு எழுதியிருக்காங்களா மேடம்?"

"அப்படி எழுதல. எப்படி எறங்கினான்னு நிரூபிக்கலன்னு எழுதியிருக்காங்க."

அதற்குத் தலையாட்டினாள். அப்புறம், "அவன் பேசினத நான் மறந்துட்டேன்னு எழுதியிருக்காங்களா?" என்றாள்.

எழுதியிருந்தார்கள். "உடன்பிறந்தவனின் கடைசி வார்த்தைகளை ஒரு சகோதரி மறந்துவிட்டதாகக் கூறுவது நம்பும்படி இல்லை" என்று இருந்தது. அந்தத் தீர்ப்பு என் கையில்தான் இருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.