பூட்டிய கதவும் நின்றுபோன தறியும்

சபையாரே, நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சாட்சியையும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

சாமளாபுரம் பக்கம் விசைத்தறிக் கிராமங்களில் நான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பார்க்கத்தான் படித்தேன். இப்போது பாதி நாள் செல்போனில் விவரம் ஏற்றுவதிலேயே போகிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஆரம்ப சுகாதார நிலையக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் டாக்டர் என்னை நிற்க வைத்தார். ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா, எட்டு மாதக் கர்ப்பிணி, பரிசோதனைக்கு வராமல் விட்டுப்போயிருந்தாள்.

“ஒரு கர்ப்பிணியக் கண்டுபிடிக்க முடியலன்னா எதுக்கும்மா வேலைக்கு வர்றீங்க?”

எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் இருந்த லைன் வீட்டுக்கு எத்தனை தடவை நடந்திருப்பேன்! போகும்போதெல்லாம் வெளியே பூட்டு. பூட்டியிருந்தால் ஆள் சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைப்போம்.

கூட்டம் முடிந்து வண்டியில் போகும்போது வாய்விட்டு ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், சண்டைதான். “ஆண்டவரே, இந்த வேலை வெறுத்துப்போச்சு. விட்டுட்டுப் போறேன். நான் இருக்கணும்னா இன்னைக்கே சொல்லும்.”

நேராகச் சுனிதா வீட்டுக்குத்தான் போனேன். அதே பூட்டு. சுவரை ஒட்டிய தறிக்கூடத்தில் காது அடைக்கும் சத்தம். தறிக்காரர் வெளியே வந்து கத்திச் சொன்னார்: “அவங்க ஊருக்குப் போய்ட்டாங்களாட்ட இருக்குதுங்க நர்சம்மா.”

டாக்டரிடம் காட்டப் பூட்டைப் படம் எடுத்தேன். அனுப்பப் போகும்போது கரண்ட் போனது, சிக்னலும் போனது. “இதிலுமா என்னைப் படுத்துவீர்?” என்று ஆண்டவரைத் திட்டினேன்.

தறிகளெல்லாம் ஓய்ந்தன. அப்போது, பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

“ஐயோ, உள்ள ஆளிருக்குதுங்க!” தறிக்காரர் ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார். சுனிதா தரையில் கிடந்தாள். முகமெல்லாம் வீக்கம். பிரஷர் பார்த்தேன், எக்கச்சக்கம். தறிக்காரர் சிக்னல் கிடைக்கிற இடம்வரை ஓடி ஆம்புலன்சைக் கூப்பிட்டார். புது ஊர், தனியாக இருக்கும் பெண் என்று பயந்து, அவள் கணவன் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். இருந்த ஒரே போனும் அவனிடம். அவள் தட்டியது தறிச் சத்தத்தில் யாருக்குமே கேட்கவில்லை.

ஆம்புலன்சில் அவள் கையை விடாமல் ஜெபித்துக்கொண்டே போனேன். ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் கேட்டார், “இந்தக் கேஸ் ஏன் லேட்டா ஏத்தியிருக்கீங்க?”

“தாயும் பிள்ளையும் உசுரோட இருக்காங்க சார். அதை எதுல ஏத்தணும்?” என்றேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் வேலையை விடவில்லை. கோபமும் விடவில்லை. ஆனால் இப்போது பூட்டைப் பார்த்ததும் திரும்பிவிடுவதில்லை. பக்கத்துத் தறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துகிறார்கள். கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்.

உங்களுக்கும் மனக்கொதிப்பு இருந்தால் ஆண்டவரிடமே கொட்டுங்கள், தாங்குவார். நான் வண்டியில் சண்டை போட்ட அந்த நேரத்தில், பூட்டிய வீட்டுக்குள் சுனிதாவும் தன் சாமியைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாளாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆண்டவர் அந்தத் தறியை நிறுத்தினார்.