பதினேழு போல்ட்டு

நான் டிராக்டர் மெக்கானிக். அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகும் சாலையோரம் பட்டறை. பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு திரிந்த நண்பன் ஒருவன், இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவன், அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஓட்டிய பழைய அமெரிக்கக் காரைப் போன வருடம் என் தலையில் கட்டினான்.

"எண்பத்தஞ்சு குதிரை பலம்லே. எங்கத்தா ஓட்டிட்டு வந்தா மதுர பஸ்ஸே ஒதுங்கும்" என்றான். நானும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிப் போட்டேன்.

அது தட்டைத்தலை எஞ்சின். வால்வெல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் ஹெட்டு வெறும் மூடிதான். இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு மூடி. அந்த ஜாதி எஞ்சினை நான் அதுவரை பிரித்ததே இல்லை. அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். வீம்பு, சொல்லவில்லை. மூன்று மாதம் மெனக்கெட்டு, ரிங் மாற்றி, வால்வு தேய்த்துப் பூட்டினேன்.

இருவருமாகப் பாலவனத்தம் வரை ஓட்டிப் பார்த்தோம். சத்தம் சீராக இருந்தது. ஆனால் வண்டி இழுக்கவில்லை. பருத்தி லோடு ஏற்றிய குட்டியானை ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்கத்தா வண்டியக் கெடுத்துட்டியேலே" என்றான்.

அதோடு அவன் பட்டறைக்கு டீ குடிக்க வருவது நின்றுபோனது. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தேன். ஒன்றுபோல் நன்றாகவே காட்டியது. எந்த இடத்தில் கெடுத்தேன் என்று தெரியாததுதான் பெரிய வாதையாக இருந்தது. "ஒரு வண்டிக்கா இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக" என்று வீட்டுக்காரி சலித்துக்கொண்டாள். வண்டிக்காக இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் வீம்பை விட்டு, கோயம்புத்தூரில் பழைய கார் வேலை மட்டுமே பார்க்கும் ஒருவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பக்க ஹெட்டுல எத்தன போல்ட்டுங்க?" என்றார்.

போய் எண்ணிவிட்டு வந்து, பதினேழு என்றேன்.

"அப்ப அது அறுபது குதிரைங்க. எண்பத்தஞ்சுன்னா இருபத்தொண்ணு இருக்கும், பின்னாடி வந்ததுல இருபத்திநாலு. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். உங்களுது சின்னதுங்க, அவ்வளவுதான் இழுக்கும்."

அந்தப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நான்தான் இரண்டு சுற்று முறுக்கியிருந்தேன். போனை வைத்துவிட்டு, பழைய டயர் மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நான் கெடுக்கவில்லை. இல்லாத குதிரையை யார் கெடுக்க முடியும்?

உடனே அவன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்கத்தா பொய் சொன்னாகன்றியா?" என்றான். இதை நான் யோசித்திருக்கவில்லை.

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் அம்மா குரல் கொடுத்தார்கள். "அவுக எங்கடா எண்பத்தஞ்சுன்னாக? எதுக்கெடுத்தாலும் 'பதினேழு போல்ட்டு வண்டி, பதினேழு போல்ட்டு வண்டி'ம்பாக. நீதான் சின்னதுல, ஒரு போல்ட்டுக்கு ஒரு கெணத்து மோட்டாரு பலமாக்கும், மோட்டாரு ஒண்ணு அஞ்சு குதிரைன்னு பெருக்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச."

அவன் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிறான் என்பது உதட்டசைவிலேயே தெரிந்தது.

"அத்தாவும் பொய் சொல்லல, நீயும் கெடுக்கல" என்றான் மெதுவாக. "நான்தாம்லே இத்தன வருசமா..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அம்மா கண்ணைத் துடைத்து, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள்.