கரன்ட் வருவதற்குள்

நகராட்சி மன்றக் கூடத்தின் வாசலில் நின்று, வருகிற ஆட்களைத் திருப்பி அனுப்புவது ஒரு வேலை. சம்பளம் உண்டு, சீருடை உண்டு. அதைச் செய்பவருக்கு ஊர் வைத்த பெயர் கதவுக்காரர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருபவரை உட்காரவைப்பார், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார், மகளுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிப்பார். உறுப்பினர்கள் பின்வாசல் வழியாகக் காரேறும்வரை பேச்சு ஓடும். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இதைவிடக் குறைவாகச் சேவை செய்தவர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது.

பிறகு ஊரின் பெரிய ஆலை மூடியது. வரி நின்றது. குப்பை வண்டிகள் டீசல் இல்லாமல் படுத்தன. தலைவருக்கு மட்டும் ஏறிப் போக ஒரு கார், பின்னால் காலியாக ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மின்வாரியம் மன்றக் கூடத்தின் ஃபியூஸைப் பிடுங்கியது. ஜன்னலே இல்லாத ஏசி கூடம். உள்ளே உட்கார்ந்தால் வெந்துபோவார்கள். வேறு வழியில்லாமல் கூட்டத்தை எதிரே இருந்த மார்க்கெட் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

கொட்டகைக்குக் கூரை உண்டு, தூண் உண்டு. வாசல் கிடையாது.

கதவுக்காரர் சீருடையோடு போய் ஒரு தூணோரம் நின்றார். ஜனம் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. காய் வாங்க வந்தவர்கள் பையும் கையுமாக நின்று, இரண்டாவது கார் எதற்கு என்று தலைவரைக் கேட்டார்கள். முதல் கார் பாதி வழியில் நின்றுவிட்டால் ஏறிக்கொள்ள என்றார் அவர். கொட்டகையே சிரித்தது. அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் கார் விலைபோய், குப்பை வண்டிகள் ஓடின. பணம் புரண்ட காலத்தில் இந்தக் கேள்வி உள்ளே போனதே இல்லை. வாசலில் இவர் இருந்தார்.

கொட்டகையில் தையல் மெஷின் போட்டிருந்த கதவுக்காரரின் மனைவி, தைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். டீச்சரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்: இனி எல்லாக் கூட்டமும் கொட்டகையிலேதான், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

"அப்ப என் வேலை?" என்று அன்றிரவு மனைவியைக் கேட்டார் கதவுக்காரர்.

"தெரியலைங்க. ஆனா கரன்ட் வந்துட்டா எல்லாரும் உள்ள போயிடுவாங்க. அப்புறம் இது நடக்கவே நடக்காது. கையில காசு இல்லாதப்பதான் அவங்களுக்குக் காது கேக்குது."



தீர்மானம் வர வேண்டிய நாளில், எங்கிருந்தோ நிதி வந்து கரன்ட் பாக்கி கட்டப்பட்டுவிட்டது. தலைவர் கதவுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டதும் ஓடி வந்து சொல்ல வேண்டும். மிச்சக் கூட்டத்தைக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். டீச்சரம்மாவின் தீர்மானம் அந்த மிச்சத்தில்தான் இருந்தது.

கதவுக்காரர் சாவியோடு காலிக் கூடத்தின் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். கேட் வரை போய்த் திரும்பினார். கொட்டகையில் இன்னும் சாக்கடைப் பிரச்சினையே முடியவில்லை. அதற்குள் லைன்மேன் பைக்கை நிறுத்தி இறங்கினார்.

"மீட்டர் உள்ளதானேண்ணே? கதவத் திறங்க."

"உள்ள மீட்டிங் நடக்குது. முடியறவரைக்கும் யாரும் போகக்கூடாது."

லைன்மேன் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வெறும் நாற்காலிகள்.

"யாருமே இல்லையேண்ணே."

"அதான் அமைதியா நடக்குது. உட்காருங்க."

பழக்கதோஷமா, மனைவியின் பேச்சா? அவருக்கே தெரியாது. தண்ணீர் கொடுத்தார், மகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். கிடைக்கவில்லை. லைன்மேனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதிர்க் கொட்டகையில் தீர்மானம் நிறைவேறிக் கைதட்டல் எழுந்த பிறகுதான் கதவுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். ஏசி உறுமிக்கொண்டு ஓடியது, நாற்காலிகளுக்காக.

இப்போது அவருக்கு வரிப் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவருக்கு உட்கார வரவில்லை. வீட்டிலும் சமையலறை வாசலில்தான் நிற்கிறார்.

"ஆலையத் திறக்கப்போறாங்களாம். காசு வந்துட்டா மறுபடி உள்ள போயிடுவாங்களோ?" என்றார் நேற்று.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கூடத்துச் சாவிய யாராச்சும் திருப்பிக் கேட்டாங்களா?"

அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.