அப்பா மேலே வந்த கடல்

நேற்றுப் பெய்த மழையில் கொல்லைப்புறத்துக் கொடிக்கயிறு நனைந்துவிட்டது. ஈரத் தேங்காய்நார் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், துணி எடுக்கப் போனவள் துணியை மறந்து நின்றுவிட்டேன். இந்த வயதில் இப்படி நிற்பதைப் பார்த்தால் வீட்டில் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்த வாசனைதான் அப்பா.

யுத்த காலத்துத் தூத்துக்குடி. அப்பா சங்கு குளிப்பவர், கடலடியில் முங்கிச் சங்கு எடுப்பவர். எனக்கு நாலு வயதாகும்போது விஷக்காய்ச்சலில் போய்விட்டார். என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு ஞாபகம். நீலக் கடல். தோணியில் அம்மாவின் அண்ணனான மாமாவுக்குப் பக்கத்தில் நான். என் கையில் கயிறு. இழுக்கிறேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் சங்கோடு, சிரித்துக்கொண்டே அப்பா மேலே வருகிறார்.

முங்கியவனை மேலே இழுக்கும் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கை தாலிக்காகவாவது கண்ணயர மாட்டான் அல்லவா? அப்பேர்ப்பட்ட பொறுப்பை நாலு வயதுக்குள்ளேயே நான் பார்த்ததாகப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளிடம் அப்பாவின் ஞாபகங்கள் கூடை கூடையாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் ஒற்றை ஞாபகத்தைப் போட்டு உடைத்தாள்.

“ஏளா, பொட்டப்புள்ளய எவன் தோணியில ஏத்துவான்? நீ கடலுக்கே போனதில்ல. கனா கண்டுட்டு அளக்காத.”

அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் தோணி ஏறியதில்லை. அப்படியானால் எனக்கு அப்பாவே இல்லையா? தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன்.

மாமா சிரித்தார். “அவ சொல்லுதது நெசந்தாம்மா. ஆனா கயிறு புடிச்சவ நீதான். கடல்ல இல்ல, இந்தக் கட்டில்ல. காத்து பலமா அடிச்சு தோணி போகாத அன்னைக்கு மச்சான் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு கட்டிலுக்கடியில போயிருவாரு. சுத்தி ஒங்கம்மாவோட நீலச் சேலையத் தொங்க விட்டிருப்போம். நீ இழுத்தாத்தான் வெளிய வருவாரு.”

“தல நனைஞ்சிருந்துச்சே, மாமா?”

“ஒரு செம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டுல்லா உள்ள போவாரு. வீடெல்லாம் ஈரமாக்குதாருன்னு ஒங்கம்மா ஏசுவா.”

அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோணி நானாகச் செய்தது, அலையும் நானாகச் செய்தது. அப்பாவை மட்டும் நான் செய்யவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்காதான் சாப்பிடவில்லை. “நான் எங்கன இருந்தேன், மாமா?”

“நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்ப.”

இன்று மாமா இல்லை, அம்மா இல்லை. அந்த வீட்டை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். சங்கு எடுக்கிறவர்கள் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மைத்துனன் கயிறு பிடிக்கிற வழக்கமும் போயிற்று. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பேத்தியை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா கட்டிலுக்கடியில முங்குவாரு. நானும் இவளும் சேந்துதான் கயித்த இழுப்போம்.”

மறுக்க வாயெடுத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றேன் அந்தச் சின்னவளிடம். “ஒங்க ஆச்சி இழுத்தாத்தான் அப்பா சீக்கிரம் வருவாரு.”